முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்

குவைத்தில் நான் ஓட்டுவது ஸ்கூல் பஸ். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் மணி அடிக்கும்வரை வண்டிக்குள்தான் இருப்பு. அப்போது போனில் ஒரு பழைய வாய்ஸை எடுத்துக் கேட்பேன்.

“லேய் தாசா, தின்னியா? இங்க ஒரே மழ. கோர்ட்டுல வெள்ளம் கெட்டிக் கெடக்கு. தவளயெல்லாம் சாடிச் சாடி வெளயாடுது, மிக்கேலு சாடுனத விட ஒசரமா. செரி, வை.”

அனுப்பியவர் ஜெஸ்டஸ் அண்ணன். எங்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன். அதற்குப்பிறகு அவர் வாய்ஸ் அனுப்பவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கட்டைவிரல் படம் வரும். காலையில் ஒரு வேதவசனம் வரும். இரண்டு வருஷமாக அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என்னை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மறந்தவர் கட்டைவிரல் அனுப்பமாட்டார்.

டிசம்பரில் பள்ளிக்கு லீவு. எங்கள் ஊர் புதுக்கடையில் தம்பி தேவராஜின் மகளுக்குக் கல்யாணம். என் மனைவி லில்லி நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகக் கிளம்பினேன். பெட்டியை மூடிக்கொண்டே லில்லி சொன்னாள்: “கல்யாணத்துக்கா போறிய? அந்த மனுசனுக்க சத்தம் கேக்கத்தானே போறிய.”

சரியாகத்தான் சொன்னாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. எழுத்து நீளாது. ஆனால் அந்தச் சத்தம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கூடைப்பந்தில் பந்தைப் போடுகிறவனை ஊருக்குத் தெரியும். போட விடாமல் நிற்கிறவன் டிஃபென்டர். அது நான். எதிராளியின் கண்ணைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஏமாற்றும். இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போக முடியும். அப்படி ஒருவன் இடுப்பையே பார்த்து நிற்கும்போது நமக்குப் பின்னால் நடப்பது தெரியாது. எதிரணியில் இன்னொருவன் மெதுவாக வந்து நம் வழியில் மதில் மாதிரி நிற்பான். அதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். தெரியாமல் திரும்பினால் நெஞ்சு அவன் தோளில் மோதும். மூச்சு நின்றுபோகும்.

அதனால் பின்னால் இருப்பவன் சத்தம் போட வேண்டும். வளையத்துக்கு அடியில் ஜெஸ்டஸ் அண்ணன் நிற்பார். “இடத்தோட்டு!” என்றால் இடப்பக்கம் ஆள் நிற்கிறான். “வலத்தோட்டு!” என்றால் வலப்பக்கம். கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் ஆடப்போனால் எதிரணிக்கு இது என்ன பாஷை என்று விளங்காது. கேரளாக்காரர்களோடு ஆடும்போது மட்டும் பலிக்காது. அவர்களுக்கு எங்களைவிட நன்றாக விளங்கும்.

பதினான்கு வருஷம் அந்தச் சத்தத்தை நம்பி ஆடினேன். ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

வந்து சேர்ந்த அன்று காலை புட்டு, பயறு, பப்படம். வீடு முழுக்கக் கல்யாண ஆட்கள். வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கியது. நான் கை கழுவும் முன்பே கேட்டேன், ஜெஸ்டஸ் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று.

“அவரு திருவனந்தபுரத்துல, மகளுக்க வீட்டுல” என்றான் தேவராஜ். “கிறிஸ்மசுக்கு வந்துருவாரு.”

“போன் எடுக்கல்லியே.”

“போனு கேடா இருக்கும். நீ இன்னொரு துண்டு புட்டு வை அண்ணே.”

“ரெண்டு வருசமாவா கேடு?”

“பழத்தச் சேத்துப் பெசஞ்சு தின்னு. அங்க இந்தப் பழம் கிட்டுமா?”

கிடைக்கும். குவைத்தில் எல்லாம் கிடைக்கும். அவன் என் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துப் பேசினான். நான் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கோர்ட்டுக்கு நடந்தேன். சர்ச்சுக்குப் பின்புறம். எங்கள் காலத்தில் செம்மண். இப்போது சிமென்ட் போட்டு மஞ்சள் கோடு இழுத்திருக்கிறார்கள். பந்து ஒழுங்காக எழும்பும். முட்டியில் மண் ஏறாது. நல்ல காரியம். வளையத்துக்கு முன்னால், நான் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். முதுகு குறுகுறுத்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

எங்கள் ஜெர்சி நம்பர் நான்கில் தொடங்கும். பதின்மூன்றை எடுக்க ஆள் இல்லை. எல்லோரும் ஜெபம் பண்ணிவிட்டு ஆடுகிறவர்கள், ஆனால் பதின்மூன்று என்றால் பயம். நான் எடுத்துக்கொண்டேன். பேப்பரில் ஆட்டச் செய்தி வந்தால் அதில் என் பெயர் இருந்ததில்லை. நான் மறித்தவனின் பெயரும் இருக்காது. அதைப் பார்த்தபின்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அணி கலைந்தது சண்டையில் இல்லை. விசா வந்தது, ஒவ்வொருவராகப் போனோம்.

மறுநாள் குளச்சலுக்கு. மிக்கேல் அங்கே இருக்கிறான். எங்கள் அணியில் பந்தைப் போடுகிறவன் அவன். இப்போது கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறான்.

பஸ் பாதி வழியில் நின்றது. கிளட்ச் போயிருந்தது. முந்தின வளைவிலேயே சத்தத்தில் தெரிந்தது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். சக்கரம் என்ன செய்யும். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வண்டி.

“எல்லாரும் எறங்குங்க. பின்னால ஒரு வண்டி வருது” என்றார் கண்டக்டர்.

வெயிலில் நின்றோம். ஒன்றும் வரவில்லை. மீன் பாத்திரத்தோடு நின்ற ஒரு அம்மா கண்டக்டரிடம் கேட்டாள்: “வருது வருதுன்னு சொல்லுகிய. இது என்ன, கர்த்தருக்க ரெண்டாம் வருகையா?”

“ஜெபம் பண்ணும்மா, வரும்.”

“ஜெபம் பண்ணித்தான் உனக்க பஸ்சுல ஏறுனேன்.”

வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். குளச்சலில் இறங்கும்போது குவைத்துப் பழக்கம் வந்துவிட்டது. படியில் நின்று திரும்பி எல்லா சீட்டையும் ஒருமுறை பார்த்தேன். ஸ்கூல் பஸ்ஸில் ஏதாவது பிள்ளை தூங்கிக் கிடக்கும், பார்க்காமல் பூட்டக் கூடாது. கண்டக்டர், “என்ன விட்டுட்டிய?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல. பழக்கம்.”

மிக்கேல் ஈர மணலில் கூட்டத்துக்கு நடுவே நின்று தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தான். வாய் நிற்கவே இல்லை. என்னைக் கண்டதும் ஏலத்துக்கு இடையிலேயே கத்தினான்: “ஏலே, குவைத்து! பெட்ரோலு கொண்டுவந்தியா?” கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஓயும் முன் இரண்டு கூடை சாளையை விற்றுவிட்டான்.

அவன் வீட்டில் கிழங்கும் மீன் குழம்பும். மரச்சீனிக் கிழங்கை நன்றாக வேகவைத்து உடைத்து, தேங்காய் அரைத்த சாளைக் குழம்பை மேலே ஊற்றித் தந்தாள் அவன் மனைவி. குவைத்தில் கிழங்கு ஐஸ் பிடித்துப் பாக்கெட்டில் வரும். வெந்தாலும் உள்ளே ஒரு குச்சி மாதிரி இருக்கும். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

“கிறிஸ்மசுக்கு மறுநாள் ஆட்டம் இருக்கு, கேட்டியா?” என்றான் மிக்கேல். “கல்யாணம் ஆனவங்க ஒரு டீம். ஆகாதவங்க ஒரு டீம்.”

இது எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் நடப்பது. கல்யாணம் ஆகாதவர்கள் ஓடுவார்கள், ஆனவர்கள் நிற்பார்கள். ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலை.

“நானும் நீயும் லிங்கமும் உண்டு” என்றான். “அஞ்சாமத்தவன் ஆஸ்திரேலியாவுல. உனக்க தம்பிய எறக்குவோம்.”

“தேவராஜா? அவனுக்குப் பந்த எந்தக் கையில பிடிக்கணும்ன்னே தெரியாது.”

“ரெண்டு கையிலயும் பிடிக்கட்டு.”

“அப்பம் அண்ணன் ஆடுவாரா?”

மிக்கேல் கடல் பக்கம் பார்த்தான். அவன் வாய் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அவருக்கென்ன? ராசா மாதிரி இருக்காரு” என்றான் பிறகு. எழுந்துபோய் ஒரு பெரிய வாளை மீனைப் பொதிந்து கொண்டுவந்து என் கையில் தந்தான். “கொண்டு போ. வீட்டுல வைக்கச் சொல்லு.”

வரும் வழியெல்லாம் அந்த மீன் என் மடியில் கிடந்தது. எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. என்ன என்று மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் தேவராஜின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குலசேகரம் போனேன். லிங்கத்தைப் பார்க்க. அவனும் அணியில் இருந்தவன்தான், பந்தைக் கொண்டுபோய்ப் பங்கு வைக்கிறவன். அய்யாவழிக்காரன். அந்தக் காலத்தில் எந்த ஊருக்கு ஆடப்போனாலும் நெற்றியில் நாமம் இருக்கும். நாங்கள் ஜெபம் பண்ணும்போது அவனும் கூட நிற்பான். அவனுக்கு ஒரு குறை உண்டு. எங்கே பார்க்கிறானோ அங்கேதான் பாஸ் போடுவான். ஒருபக்கம் பார்த்து மறுபக்கம் போட அவனுக்கு வராது. ஜெஸ்டஸ் அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தார். கடைசியில், “உனக்குக் களவு வராதுலேய், விடு” என்று விட்டுவிட்டார். அதை நினைத்துத்தான் நான் போனேன்.

ரப்பர்த் தோட்டத்து மண்பாதையில் பின் டயர் பஞ்சர். மீதித் தூரம் தள்ளிக்கொண்டு போனேன். லிங்கத்தின் வீட்டு முற்றத்தில் கயிறு கட்டி ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தது. துணி மாதிரி தொங்கும். மணம் துணி மாதிரி இருக்காது.

லிங்கம் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “வா மக்கா” என்றான். ஸ்கூட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“உனக்கிட்ட ஒருத்தரும் பறயல்லியா?” என்றான்.

“இல்ல. நீ சொல்லு.”

“அண்ணனுக்குத் தொண்டையில கேன்சரு வந்துது. கொரவளைய எடுத்தாச்சு. சீக்கு போச்சு, ஆளுக்கு இப்பம் ஒண்ணும் இல்ல. சத்தம் போச்சு.”

“போச்சுன்னா?”

“போச்சு. வராது.”

“எப்பம்?”

“ரெண்டு வருசம் ஆவுது. இப்பமும் செக்கப்புக்குத்தான் திருவனந்தபுரம் போயிருக்காரு.”

ஒரு ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை. எங்கள் ஊரில் அது ஒரு மரியாதை. தூரத்தில் இருக்கிறான், உடனே வர முடியாது, தனியாகக் கிடந்து வருத்தப்படுவான் என்று மறைப்பார்கள். என் அப்பா இறந்தபோது எனக்கு வந்த போன், “அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்ல, லீவு கிட்டுமான்னு பாரு” என்பதுதான். எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது என்னோடு லேபர் கேம்ப்பில் தங்கியிருந்த எல்லோருக்கும் அப்படித்தான் போன் வரும். எல்லோருக்கும் புரியும். ஆனாலும் ஊரில் ஒருவரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

“கோவமா தாசா?” என்றான் லிங்கம்.

“பின்னால ஸ்க்ரீன் வருது. நீங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கிய. ஒருத்தனாவது சத்தம் போட்டியளா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே போய்க் கிளாஸோடு வந்து, “சாயா குடி” என்றான்.

“வேண்டாம்.”

“குடிடே.”

குடித்தேன். பால் இல்லாத கட்டன் சாயா. சீனி கூடுதலாகப் போட்டிருந்தான்.

ஸ்கூட்டரையும் என்னையும் ஷீட் ஏற்றிப்போகிற ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டான். ஷீட்டுக்கட்டின்மேல் உட்கார்ந்து வந்தேன். போனை எடுத்தேன். அந்த வாய்ஸைப் போடவில்லை. போனைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் ஜெஸ்டஸ் அண்ணன் வீட்டு வாசலில் கார் நிற்பதாகத் தேவராஜ் சொன்னான். சொல்லும்போது இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தான். நான் போனேன்.

லேசாக எம்பினாலே வளையத்தைத் தொடுகிற ஆள் அவர். இப்போதும் நிலையில் தலை தட்டத்தான் செய்யும். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். சத்தம் இல்லை. துணிக்கு அடியில் காற்று மட்டும் சீறியது. என் கையைப் பிடித்தார். விடவில்லை. பிறகு என் வயிற்றைப் பார்த்து, கையை விட்டு, வயிற்றில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, உள்ளே இருந்து வந்தாள். “தாசனா? வாடே, வந்து இரி. குவைத்துல நல்ல தீனிதான் போல.”

நான் அவரிடமே கேட்டேன். “ஏன் அண்ணே சொல்லல்ல?”

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டினார். பிறகு ஒரு கையைத் தாழ்த்தி, இவ்வளவு உயரம், இவ்வளவு உயரம் என்று காற்றில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு நெஞ்சைத் தொட்டார்.

“நீ பிள்ளையள ஏத்தி வண்டி ஓட்டுதவன்” என்றாள் மைனி. “உனக்கு மனசு எளகிரப்பிடாதுன்னு இவருதான் ஒருத்தரும் சொல்லாண்டாம்ன்னு வச்சாரு. நான் சொல்லணும்ன்னுதான் நின்னேன்.”

நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மேசைமேல் டார்ச் மாதிரி ஒரு கருவி இருந்தது. அதைத் தொண்டையில் வைத்துப் பேசலாமாம். மகள் வாங்கித் தந்தது. “அத வச்சுப் பேசினா ஏர்போர்ட்டுல அறிவிக்குத மாதிரி இருக்கு. பேரப்பிள்ள கரஞ்சிட்டு ஓடிச்சு. பொறவு தொடல்ல” என்றாள் மைனி. அண்ணன் அந்தக் கருவியைத் தொடாமல், விரலை ஆட்டி வேண்டாம் என்றார்.

ஆப்பமும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டோம். பிறகு முந்திரிக்கொத்து. அவர் இப்போது மெதுவாகத்தான் சாப்பிடுகிறார். ஒரு பேச்சும் இல்லாமல் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. முன்பும் பேசுவது அவர்தான். நான் கேட்பேன்.

தட்டைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தபோது மைனி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “தாசா, உனக்க போனுல அவருக்க சத்தம் எதாவது கெடக்கா? எனக்க போனு கெணத்துல விழுந்து போச்சு. எல்லாம் அதுலதான் கெடந்துது.”

நான் போனை எடுத்தேன். சத்தத்தைக் குறைத்துவைத்து அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். லேய் தாசா, தின்னியா. மழை. தவளை. செரி, வை.

அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். “இன்னொருக்கப் போடு” என்றாள். போட்டேன். “தவளையாம்” என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு அனுப்பி விடு. அவருக்குத் தெரியாண்டாம்.”

முன்னறையில் கை தட்டும் சத்தம் கேட்டது. படீர் என்று இரண்டு தட்டு.

“சாயா வேணுமாம்” என்றாள். “இப்பம் இதுதான் எங்க வீட்டுல சட்டம்.”

மறுநாள் சாயங்காலம் ஆட்டம். வெயில் தாழ்ந்துவிட்டது. கோர்ட்டைச் சுற்றிக் கூட்டம். மைனி கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுத் துண்டும் தண்ணீருமாக உட்கார்ந்துவிட்டாள். “ஓடப்பிடாது. நிக்கத்தான் செய்யணும். டாக்டரு சொல்லியிருக்கு” என்று அண்ணனிடம் சத்தமாகச் சொன்னாள்.

“எப்பமும் அவரு நிக்கத்தானே செஞ்சாரு. ஓடினது நாங்கல்லா” என்றான் மிக்கேல்.

நான் மறிக்க வேண்டியது சுபின் என்று ஒரு பையனை. கல்லூரி முடித்தவன். அவன் இடுப்பு நான் பார்த்த எல்லா இடுப்பையும் விட வேகம். “மாமா, பைய வாங்க. முட்டு போயிராம” என்றான். கெட்டவன் இல்லை. உண்மையாகவே அக்கறையாகச் சொன்னான். அது இன்னும் மோசம்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “குவைத்தே, பிரேக்குப் பிடி!”

முதல் பந்திலேயே சுபின் இடப்பக்கம் வெட்டினான். நான் அவனோடு திரும்பினேன். அங்கே ஒருவன் மதிலாக நின்றான். நெஞ்சு போய் மோதியது. கீழே விழுந்தேன். மூச்சு வரவில்லை. சிமென்ட் சுட்டது. வானம் தெரிந்தது. அப்புறம் வானத்துக்கு நடுவில் ஜெஸ்டஸ் அண்ணன் முகம். அவர் வாய் திறந்திருந்தது. கத்தியிருக்கிறார். காற்று மட்டும்தான் வந்திருக்கிறது.

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நான், “ஒண்ணும் இல்ல அண்ணே” என்றேன். அவர் கேட்கவில்லை. தன் கையையே பார்த்தார்.

அடுத்த பந்து. நான் சுபினின் இடுப்பைப் பார்த்து நிற்கிறேன். பின்னால் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. கத்துவதற்குப் பதில் தட்டுகிறார் என்று விளங்கிவிட்டது. வலப்பக்கம் ஆள் என்று நினைத்து ஒதுங்கினேன். இடப்பக்கம் நின்றவன்மேல் நன்றாக மோதினேன். சுபின் போட்டுவிட்டான்.

திரும்பினேன். அண்ணன் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முறைப்பு எனக்குத் தெரியும். பத்து ஊர்க் கோர்ட்டில் வாங்கியிருக்கிறேன். ஒரு விரலைக் காட்டி, இடக்கையை ஆட்டினார். இரண்டு விரலைக் காட்டி, வலக்கையை ஆட்டினார். பிறகு தலையில் தட்டிக் காட்டினார். உனக்கு மூளை உண்டா என்று அர்த்தம்.

நெஞ்சு வலித்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் மோதவில்லை. ஒரு தட்டு, இடம். இரண்டு தட்டு, வலம். சுபின் எந்தப் பக்கம் வெட்டினாலும் எனக்கு வழி இருந்தது. அவன் மூன்று தடவை பந்தைத் திருப்பிக் கொடுத்தான். “மாமாவுக்கு முதுகுலயும் கண்ணு இருக்குடே” என்று கூட்டாளியிடம் சொன்னான். மிக்கேல் ஒரு பந்து தூரத்திலிருந்து போட்டான். விழுந்தது. லிங்கம் பார்த்த பக்கமே பாஸ் போட்டான். எல்லாவற்றையும் எதிரணி பிடித்தது. தேவராஜ் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் நின்றான்.

தோற்றுவிட்டோம். அது தெரிந்ததுதான். ஆனால் கடைசிப் பந்தில் சுபின் என் முன்னால் நின்றான். பின்னால் இரண்டு தட்டு. நான் இடப்பக்கமாக வழுகி அவன் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவனுக்குப் போட இடம் இல்லை. பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. விசில் அடித்தது. டிஃபென்டர் செய்கிற காரியத்துக்குக் கூட்டம் கை தட்டாது. பின்னால் ஒருவர் தட்டினார். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் தெரிந்துவிடும்.

ஏத்தன் குலை கல்யாணம் ஆகாதவர்களுக்கு. சுபின் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக ஜெஸ்டஸ் அண்ணன் வீட்டுக்கு நடந்தான். எங்கள் காலத்திலும் எந்த ஊரில் ஜெயித்தாலும் குலை அங்கேதான் தொங்கும். பழுத்தபின் எல்லோரும் போய்த் தின்போம்.

“தோத்தவங்களுக்கும் பங்கு உண்டாடே?” என்று மிக்கேல் கேட்டான்.

“தோத்தவங்களுக்குத் தோலு” என்றான் சுபின்.

குலை நல்ல பச்சை. பழுக்க நாள் ஆகும். அதற்குள் நான் போய்விடுவேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மைனியும் அண்ணனும் வந்திருந்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லி இலையில் தட்டினார். விமானத்தில் என் பக்கத்தில் இருந்தவர் குவைத்துக்கு முதல் தடவை போகிறார். “ஊர்ல என்ன விசேஷம், போயிட்டு வாறிய?” என்று கேட்டார். “கல்யாணம்” என்றேன்.

பள்ளி திறந்தது. குவைத்தில் ஜனவரிக் குளிர். பிள்ளைகள் கோட்டுப் போட்டு உருண்டை உருண்டையாக ஏறுகிறார்கள். அவர்களை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மத்தியானம் மணி அடிக்கும் நேரத்துக்குப் போன் அடித்தது. ஜெஸ்டஸ் அண்ணன் பெயர். இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

எடுத்தேன். மூச்சுக் காற்று கேட்டது. நான், “அண்ணே” என்றேன்.

தூரத்திலிருந்து மைனியின் சத்தம் வந்தது. “தாசா, குல பழுத்தாச்சு. உனக்க பங்கையும் லிங்கம் தின்னுட்டான். அதச் சொல்லணும்ன்னு இவரு காலையில இருந்து நிக்காரு.”

“தின்னட்டு மைனி” என்றேன்.

பிறகு போனில் இரண்டு தட்டு.

வலப்பக்கம் திரும்பினேன். ஆவி படிந்த கதவுக் கண்ணாடிக்கு வெளியே பிள்ளைகள் வந்து நின்றார்கள். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.